பதினாறு இறாத்தல் பந்து

ஆரையம்பதி,
புதன்கிழமை

அன்புள்ள மகன்,

நானும் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகமும் அதுவாக இருக்கவேண்டும். இதைத் தபாலில்தான் போடுகிறேன். சின்னம்மாவின் மகனிடம் கொடுத்தால் போனில் படமெடுத்து ஒரு நிமிஷத்தில் அனுப்பிவிடுவான். ஆனால் அவன் வாசித்தால் சின்னம்மா வாசித்த மாதிரி. பிறகு ஊரே வாசித்த மாதிரி.

நீ பந்து உருட்டிக் கட்டை விழுத்துகிற போலிங் இடத்தில் எடுத்த படம் கிடைத்தது. மெலிந்திருக்கிறாய். கறுப்புச் சேட்டு உன்னை இன்னும் மெலிவாகக் காட்டுகிறது என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தேன். அம்மாவுக்கு அதைவிடச் சப்பாத்துத்தான் பெரிய கவலை. அங்கே சப்பாத்தை வாடகைக்குக் கொடுப்பார்கள் என்று சின்னம்மாவின் மகன் வாயை விட்டுவிட்டான். கண்டவன் கால் விட்ட சப்பாத்துக்குள் என் பிள்ளையும் கால் விடுவதா என்று இரவு முழுக்கப் புறுபுறுத்தார். ஆகவே சொல்கிறேன், மேஸ் போட்டுக்கொண்டு போடு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க எனக்கு இப்போது தெரியும். இரண்டு விரலால் இழுக்கவேண்டும். நாலு நாளாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். தச்சன் கண் மரத்துக்குத்தானே முதலில் போகும். நீ நிற்கிற ஓடுபாதையைப் பற்றிச் சின்னம்மாவின் மகனிடம் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன். பந்தை விடுகிற கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. அகலம் மூன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அகலத்துக்குள் 39 பலகைக் கீற்றுகள். பந்து வந்து விழுகிற முன்பக்கத்துக்கு மேப்பிள், நடுவில் பைன், கட்டைகள் நிற்கிற இடத்தில் திரும்பவும் மேப்பிள். அடி வாங்குகிற இடத்துக்கு வைரம் பாய்ந்த மரம், சும்மா கடந்துபோகிற இடத்துக்கு மெது மரம். இதை யோசித்தவன் நல்ல மேசனாகவோ தச்சனாகவோ இருந்திருப்பான். இப்போது பல இடங்களில் மரமே இல்லையாம், ஏதோ பிளாஸ்டிக் மாதிரித் தகடு போட்டு மரக்கோடு கீறிவிடுகிறார்களாம். உன்னுடையது எது என்று படத்தில் பிடிபடவில்லை.

பந்து 16 இறாத்தல் வரை இருக்குமாம். பதினாறு இறாத்தல் பாணை ஒரு கையால் தூக்கி வீசுவது போல. உன் வலது தோளை மறந்துவிடாதே. மாமா வீட்டு மாமரத்தில் விழுந்து ஓட்டமாவடி வைத்தியரிடம் எண்ணெய்க்கட்டுப் போட்ட தோள் அது. பாரம் குறைந்த பந்தும் வைத்திருப்பார்கள், அதை எடு. யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

நீ இருக்கிற ரொறன்ரோவிலேயே பிறந்த விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதை ஏன் விளையாடுவதில்லை? ஐந்து கட்டை. தோமஸ் ரயன் என்பவர் அங்கே, நீ விளையாடுகிற மாதிரிப் பத்துக் கட்டை விளையாடுகிற கழகம் நடத்தினாராம். வந்தவர்களுக்குப் பந்து பாரமாகப் போய்விட்டது. 1909 அளவில், பத்தில் ஐந்து கட்டையை எடுத்துத் தன் தகப்பனிடம் கொடுத்துக் கடைச்சல் பிடித்துச் சின்னதாக்கினார் என்று சொல்கிறார்கள். மகன் கேட்டான், தகப்பன் கடைந்து கொடுத்தார். இந்த இடத்தை மட்டும் சின்னம்மாவின் மகனை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். பந்தும் உள்ளங்கைக்குள் அடங்குகிற பந்து, விரல் ஓட்டை இல்லை, மூன்றரை இறாத்தல்தான். நடுக்கட்டைக்கு 5 புள்ளி, இரண்டு பக்கமும் 3, ஓரங்களுக்கு 2. எல்லாம் சரியாக விழுந்தால் 450. பத்துக் கட்டையில் 300தானே. உன் தோளுக்கு அதுதான் நல்லது. அதை விளையாடு.

சித்தப்பா பாரிசில் பெத்தாங் உருட்டுகிறாராம். இரும்புக் குண்டு. சின்ன மரக்குண்டு ஒன்றை எறிந்துவிட்டு, அதற்குக் கிட்டவாகத் தன் குண்டைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். நாங்கள் போளை அடித்த மாதிரித்தான். வாதத்தால் ஓடமுடியாமல் போன ஒரு மனிதருக்காக, ஓடாமல் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நின்று எறியலாம் என்று விதியை மாற்றியதில் பிறந்த விளையாட்டாம் அது. 1900களின் தொடக்கத்தில், பிரான்சின் தெற்கில். என் முழங்காலுக்கும் அது தோதுதான், ஆனால் கல்லடிக் கடற்கரை மணலில் உருளாது.

அமெரிக்காவில் மெழுகுதிரி மாதிரி ஒல்லிக் கட்டை வைத்தும் விளையாடுகிறார்கள். அதில் ஒரு சுற்றுக்கு மூன்று பந்து. விழுந்த கட்டையை நடுவில் அகற்றமாட்டார்கள். கிடக்கிறது கிடக்கும், அதன்மேல் பட்டுத்தான் மிச்சமும் விழவேண்டும். அதில் இன்றைக்கு வரை ஒருவரும் முழுப்புள்ளி எடுத்ததில்லையாம். கேட்டதிலே எனக்கு அதுதான் மனதுக்குப் பிடித்தது. ஒன்பது கட்டையைச் சூதாட்டம் என்று 1841இல் கனெக்டிகட்டில் சட்டம் போட்டுத் தடுக்க, பத்தாவதை வைத்துத் தப்பினார்கள் என்றொரு கதையும் சொல்கிறார்கள். எங்கட ஆட்களின் மூளை அங்கேயும் இருந்திருக்கிறது.

சரி. இவ்வளவும் படித்தது உன் படத்தை விளங்கிக்கொள்ளத்தான்.

உனக்குப் பின்னால் இரண்டே இரண்டு கட்டைதான் நிற்கின்றன. கடைசி வரிசையில், இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று. இடையில் மூன்று அடி. ஒரே பந்தில் இரண்டையும் விழுத்துவது ஆகக் கஷ்டமாம். அதற்கு ஒரு பேரும் சொன்னான் பொடியன். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. விடு.

மேலே தொலைக்காட்சி மாதிரி ஒன்று தொங்குகிறது. விளையாடுகிறவர்களின் பேர் அதில் வரும் என்றான். நீயும் மருமகளும் கல்யாணம் முடித்த புதிதில் அனுப்பிய படத்தில் இரண்டு பேர் இருந்தது. மேலே அவள் பேர், கீழே உன் பேர். அவள் உன்னை வென்றிருந்தாள், அதைச் சொல்லி அம்மா ஒரு கிழமை சிரித்தார். இந்தப் படத்தில் ஒரு பேர்தான் இருக்கிறது. அதற்கு முன் வந்த இரண்டு படத்தையும் தேடி எடுத்து இழுத்துப் பார்த்தேன். அவற்றிலும் அப்படித்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு இரவு வேலையாக இருக்கலாம். தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் உன் அம்மாவுடன் கதைக்கவில்லை, அதுவும் வேலையாக இருக்கலாம். அவள் நல்ல பிள்ளை. நீயும் நல்லவன்தான், ஆனால் சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வாய். பட்டறை வாசலில் பால்மாப் பேணி அடுக்கிப் பேணிப்பந்து விளையாடுவாயே, தோற்றால் பேணியைக்கூடப் பொறுக்காமல் பின்வளவுக்குப் போய் இருப்பாய். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாய். அது யாரிடமிருந்து வந்தது என்று அம்மா சொல்லிக் காட்டுவார்.

யாரிடமிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும். 1997இல் நான் டோகாவில் இருக்கும்போது ஏழு மாதம் வீட்டுக்குக் கடிதம் வரவில்லை, ஞாபகமா? நீ ஆண்டு நாலு. சண்டைக்காலம், தபால் தொலைந்துபோயிற்று என்று வந்து சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அம்மா இன்றைக்கும் நம்புகிறார். தபால் தொலையவில்லை மனே. நான் எழுதவில்லை. கம்பனியில் ஆட்களைக் குறைத்தார்கள், என்னையும் நிறுத்தினார்கள். அம்மாவின் காப்பை அடகு வைத்துப் போனவன், வேலை இல்லை என்று எந்தக் கையால் எழுதுவது? ஒன்பது பேர் படுக்கிற அறையில் தாளை எடுப்பேன், அன்புள்ள என்று எழுதுவேன், மடித்துத் தலையணைக்குக் கீழே வைப்பேன். அப்படி எத்தனை தாள். வேறு வேலை கிடைத்து, முதல் சம்பளம் எடுத்த அன்றுதான் முழுக்கடிதம் எழுதினேன்.

அந்த ஏழு மாதமும் அம்மா உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு தபால்கந்தோருக்கு நடந்திருக்கிறார். அப்பா செத்துப்போனாரா என்று நீ கேட்டாயாம். அம்மா இதை எனக்குச் சொல்லவே இல்லை. சின்னம்மா சொல்லித்தான் தெரியும். வேலை இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அம்மா அழுதிருப்பார், இரண்டு நாள். அதற்குப் பயந்து ஏழு மாதம் அழவைத்தேன்.

மழை இல்லை. படுவான்கரையில் யானை வந்து இரண்டு வளவை நாசம் பண்ணிவிட்டது. எங்களுடையது தப்பியது. கூரையை நானே மாற்றிவிட்டேன், காசு அனுப்பாதே. உனக்குத் தேவைப்படும்.

பட்டறையில் கிடந்த முதிரைத் துண்டுகளில் ஐந்து கட்டை கடைந்திருக்கிறேன். வயிற்றில் சைக்கிள் ரியூப் வெட்டி மாட்டினேன், அந்த ரயனுடைய விளையாட்டில் ரப்பர் வளையம் இருக்குமாம். அயல் பிள்ளைகள் விறாந்தையில் அடித்து விளையாடுகிறார்கள். நடுக்கட்டையில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டது, வேறு கடையவேண்டும்.

பாரமான பந்தைத் தூக்காதே. தனியே போய் நிற்காதே, சிநேகிதர் யாரையும் கூட்டிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா பின்னேரம் ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். உனக்கு அப்போது காலை. சின்னம்மாவின் மகனும் அந்த நேரம் டியூசனில். போன் என்னிடம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
அப்பா