தம்பி, அந்த ரிப்போர்ட்டை அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாடியில் தளம் போட்டாயிற்று, இனி ஒழுகாது. நீ லைன் இன்சார்ஜ் ஆனதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று போனில் கேட்டால் மட்டும் "பார்க்கலாம்ப்பா" என்று பேச்சை மாற்றுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

லேபில் கிட்னி பயாப்சி, அதாவது சோதனைக்கு எடுத்த சிறு திசுத் துண்டு, வந்தால் மைக்ரோடோமில் சீவி டிரைக்ரோம் சாயம் ஏற்றுவது என் வேலை. நல்ல திசு சிவப்பாக நிற்கும், தழும்பு நீலமாகத் தெரியும். சில ஸ்லைடில் சிவப்பைத் தேடத்தான் வேண்டும். உன் வயதுப் பிள்ளைகளுடையதும் அப்படி வந்திருக்கிறது, தம்பி.

அந்த நீலத்துக்கு முக்கியக் காரணம் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம். அது நமக்கு எதிரி இல்லை. காயம் பட்டால் செல்களுக்குத் தகவல் சொல்லி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரக்க வைத்து ஆற்றும். ஆறியதும் அடங்கிவிட வேண்டும். சுகரும் பிரஷரும் தினமும் கிட்னியைச் சீண்டினால் அது எங்கே அடங்கும்? வேலை முடிந்தும் போகாத கொத்தனார் மாதிரி பூசிக்கொண்டே இருக்கும். வடிகட்டுகிற இடமெல்லாம் அடைபட்டுப் போகும்.

1990-இல் எலிகளுக்கு இந்தப் புரதத்தைத் தடுத்துத் தழும்பைக் குறைத்துக் காட்டினார்கள். சுகரால் கிட்னி கெட்ட மனிதர்களிடம் அதே வழியை முயன்றபோது பலன் தெரியாமல் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அந்தப் புரதத்தைத் தூண்டிவிடுவதில், பிரஷரை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆஞ்சியோடென்சினின் வேலையைத் தடுப்பதுதான் உனக்கு எழுதிக் கொடுத்த லோசார்டன் மாத்திரை. சுகரால் கிட்னி கெட்ட 1,513 பேரிடம் அதைச் சோதித்து 2001-இல் முடிவு வெளியிட்டார்கள். கிட்னி முழுதாகச் செயலிழக்கும் அபாயம் 28 சதவீதம் குறைந்திருந்தது.

தீபாவளிக்கு வந்தபோது உன் பையில் அந்த அட்டையைப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. தலைசுற்றுகிறது என்றால் டாக்டரிடம் சொல், அளவை மாற்றுவார். நீயாக நிறுத்தாதே. மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் வேண்டாம். எதையும் படித்துப் பார்த்துச் செய்கிற பிள்ளை, இதில் மட்டும் ஏன் இப்படி? பெரியப்பா கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா விர்ரென்று அதிர்வதைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்தவன்தானே நீ.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லாதே. தழும்பு விழும்போது வலி தெரியாது. யூரினில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்து எனக்கு மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. பணம் இடித்தால் சொல், போட்டுவிடுகிறேன். மாத்திரையை விடாதே.

அன்புடன்,
அப்பா