கேட்டவளுக்குச் சொல்

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். உன் அறையில் இருக்கிற தெலுங்கு நர்ஸ் பிள்ளை, சாப்பிடுமுன் கண்ணை மூடி என்ன சொல்கிறாய் என்று கேட்டதாகப் போனில் சொன்னாய். "ஜெபம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோமே என்று வருத்தமும் பட்டாய். கேட்டவள் மறுபடி கேட்பாள். அதற்குள் ஆயத்தமாகிக்கொள். விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லத்தான் பேதுரு எழுதினார். நம்மில் பலர் உத்தரவை மட்டும் பிடித்துக்கொண்டு சாந்தத்தை விட்டுவிடுகிறோம்.

முதலில் சொல்லைப் பார்த்துப் பேசு. இரட்சிப்பு, மீட்பு, அபிஷேகம் எல்லாம் நம் சபைக்குள் புழங்குகிறவை, அவளுக்கு விளங்காது. 'பாவம்' என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் "ஐயோ பாவம்" என்றால் இரக்கம், "அடப்பாவி" என்றால் வசவு. ஆலயத்தில் அதே சொல்லுக்குக் கடவுளை விட்டு விலகிய நிலை என்று பொருள். தெலுங்கிலும் 'பாபம்' இப்படித்தான் இரண்டு பக்கமும் பேசும். நீ அதில் தொடங்கினால் அவள் காதில் திட்டுதான் விழும். "நாம எல்லாரும் அவரை விட்டுத் தூரமாப் போயிட்டோம், அவரே தேடி வந்தார்" என்று உன்னையும் சேர்த்துச் சொல்.

பிறகு, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லுகிற மாற்கு சுவிசேஷம். தெலுங்கில் 'மார்க்கு சுவார்த்த' என்று கேட்டு, சிறு புத்தகமாக வாங்கு. முழு வேதாகமத்தைக் கொடுத்தால் எங்கே தொடங்க என்று திகைப்பாள். மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்தாலோ முதல் 17 வசனமும் வம்ச வரலாறு. மாற்கு 16 அதிகாரம்தான், வாரம் இரண்டு என்றால் எட்டு வாரத்தில் முடியும். நைட் டியூட்டி முடிந்து வந்த நாளில் வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் எதுவும் ஏறாது. வாசித்த பிறகு, இயேசு இங்கே என்ன செய்தார், உனக்கு எது புரியவில்லை என்று கேள். அவள் யோசிக்கும்போது நீ பேசிவிடாதே.

இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன், கைகால் விளங்காதவன், வருவான். நாலு பேர் தூக்கி வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். நடக்க வேண்டி வந்தவனிடம் இயேசு முதலில் சொல்வது பாவமன்னிப்பு. அவளும் நர்ஸ் அல்லவா, "ஏன் முதல்ல அது?" என்று அவளே கேட்பாள். அந்த இடத்தில் அவசரப்படாதே, ஒரு வாரம் போனாலும் போகட்டும். 'பாவம்' என்ற சொல்லுக்கு அங்கேதான் வெளிச்சம் கிடைக்கும்.

அவள் கும்பிடுகிற தெய்வத்தை ஒரு வார்த்தை தாழ்த்திப் பேசாதே. எபேசுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் அப்போஸ்தலன் பவுல் போதித்த பிறகும், அவருடைய கூட்டாளிகளைக் காட்டி, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னான்.

வார்டில் மட்டும் இந்தப் பேச்சை நீயாக எடுக்காதே. நோயாளியால் எழுந்து போக முடியாது, மருந்து உன் கையில் இருக்கிறது. பயத்தில் தலையாட்டினால் அது விசுவாசம் ஆகாது. அவராகக் கேட்டு, ஆஸ்பத்திரி விதியும் இடம் கொடுத்தால், தணிந்த குரலில் இரண்டு வாக்கியம் ஜெபி, போதும். பண உதவி செய்தால் அதைச் சபையோடு முடிச்சுப் போடாதே.

நீ இருக்கிற வாரங்கல் பக்கம்தான் தோர்ணக்கல். 1903-இல் இங்கே பாளையங்கோட்டையில் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கம் ஊழியர்களை அனுப்பின இடம். நம் வெள்ளாளன்விளை அசரியா 1912-இல் அங்கே பேராயர் ஆனார். ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, "சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். 'உனக்கு ஐயோ' என்று அடுத்தவரைப் பார்த்துச் சொல்வதல்ல அது.

அவள் ஞானஸ்நானம் என்று பேச்செடுத்தால், வீட்டாரிடம் சொல்லிவிட்டாயா என்று முதலில் கேள். அதன்பின் அங்குள்ள தெலுங்குச் சபை ஆயரிடம் கூட்டிப்போ.

உன் தெலுங்கு இன்னும் எழுத்துக்கூட்டுகிற நிலைதான். வெட்கப்படாமல் முதல் பத்தியை நீயே வாசி, தப்பை அவள் திருத்தட்டும்.

உன் அம்மா