பொட்லாட்ச் வீண்செலவு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் பூர்வகுடிகளின் பொட்லாட்ச் என்னும் கொடை விழா பெரும்பாலும் செல்வர்கள் பெருமைக்காகத் தம் உடைமைகளை வாரியிறைத்த வழக்கமாகவே விவரிக்கப்படுகிறது. அவ்விழாவைத் தடைசெய்த அரசும், தடையைக் கோரிய பாதிரிமார்களும் சொன்னதும் ஏறக்குறைய இதுவே என்பதால், மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

முன்னோரின் பெயரை ஒருவர் ஏற்பதும், மண உறவும், மீன்பிடி இடங்களின் மீதான உரிமையும் அந்த விழாவில்தான் ஊரறிய அறிவிக்கப்பட்டன. கண்டதை நினைவில் நிறுத்தி, பின்னாளில் வழக்கு எழுந்தால் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்ட சாட்சிகளுக்கே போர்வைகளும் பிற பொருள்களும் வழங்கப்பட்டன. கொடையின்றி எந்த உரிமையும் நிலைபெறாது. ஆகவே கொடையைக் குற்றமாக்கியவர்கள் ஒரு மக்களின் பத்திரப்பதிவையே குற்றமாக்கினார்கள்; அதுவும், பெரும்பகுதி நிலம் எந்த உடன்படிக்கையாலும் பெறப்படாத பிரிட்டிஷ் கொலம்பியாவில்.

கனடா தன் பூர்வகுடிகளுக்கென இயற்றிய ‘இந்தியர் சட்டத்தில்’ 1884-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் இவ்விழாவுக்கு இரண்டு முதல் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் பூர்வகுடித் தலைவர் டான் கிரான்மர் நடத்திய விழாவுக்குப் பின் 45 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. உரையாற்றியதும், நடனமாடியதும், பரிசுப் பொருள்களைச் சுமந்து சென்று கொடுத்ததுமே அவர்கள் செய்த குற்றங்கள். 1922-இல் நடந்த விசாரணையில், பூர்வகுடிகளை நிர்வகித்த அரசு முகவரான வில்லியம் ஹாலிடேயே நீதிபதியாகவும் அமர்ந்தார். முகமூடிகளையும் விழாவுக்குரிய செப்புத் தகடுகளையும் ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசப்பட்டது. மறுத்தவர்கள் ஓக்கல்லா சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். பறிக்கப்பட்ட பொருள்கள் ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்கும், நியூயார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் ஹே என்ற சேகரிப்பாளருக்கும் போய்ச் சேர்ந்தன.

1951-இல் இந்தியர் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோது தடைப்பிரிவு அதில் இடம்பெறவில்லை. ஆனால் பறித்தவை உடனே திரும்பவில்லை. அருங்காட்சியகம் கட்டிப் பாதுகாத்தால்தான் தருவோம் என்று தேசிய அருங்காட்சியகம் நிபந்தனை விதித்தது. தம் வீட்டுப் பொருளைப் பெறுவதற்கு ஒரு சமூகம் கட்டடம் எழுப்பிக் காட்ட நேர்ந்தது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. அப்படித்தான் 1979-இல் கேப் மட்ஜிலும், 1980-இல் அலர்ட் பேயிலும் அருங்காட்சியகங்கள் எழுந்தன.

இதே நிலப்பகுதியைச் சேர்ந்த கிட்க்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் விருந்துக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வாய்மொழி வரலாறு நில உரிமைக்குச் சான்றாக ஏற்கத்தக்கது என்று 1997-இல் டெல்கமுக்கு வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குப் பிறகும் கொடை விழாவை வீண் ஆடம்பரம் என்று எழுதுவது தகாது. 1922-இல் கைப்பற்றப்பட்டவற்றுள் இன்னும் வெளியில் இருப்பவற்றை, வைத்திருப்போர் எந்த நிபந்தனையும் இன்றித் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.