பையிலேயே தங்கிவிடும் கார்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உறுப்பினராக இருக்கும் கோல்ஃப் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஆண்டுதோறும் நடக்கும் ஒற்றையர் மேட்ச் பிளே (இருவர் நேருக்கு நேர் மோதி, குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் ஆட்டம்) போட்டியில், மோதும் இருவருக்கும் இடையிலுள்ள ஹேண்டிகேப் (திறமை கூடக் கூடக் குறையும் தள்ளுபடி எண்) வித்தியாசம் இனி முழுவதுமாகக் கொடுக்கப்படாது, அதில் முக்கால் பங்குதான் கொடுக்கப்படும் என்பது அதன் சாரம். வரும் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வருகிறது. தாள் ஒட்டிய அன்று மாலையே கிளப் இரண்டு கட்சியாகிவிட்டது. ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்கள் திறமைக்கு இப்போதாவது மரியாதை கிடைத்ததே என்கிறார்கள். இருபதுக்கு மேலே இருப்பவர்கள், இனி எங்கள் நுழைவுக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். என் ஹேண்டிகேப் 16. இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கத் தகுதியுள்ள இடம் அது.

கோல்ஃபைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைக்கு எதற்குக் கடிதம் என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் கிளப்பின் சுற்றறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. ஆனால் காலை ஆறு மணிக்கு, ஆடுபவர்களின் பையைத் தூக்கி வரும் கேடிகள் கூடும் கொட்டகையில் கை மாறிக் கை மாறிப் படிக்கப்படுவது உங்கள் பத்திரிகைதான். இந்த விவகாரத்தில் உண்மை தெரிந்தவர்களும் அவர்கள்தான். 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேரும், 2009இல் அதே பட்டத்தை வென்ற சி. முனியப்பாவும் கேடிகளாக இருந்து வந்தவர்கள் என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். ஹேண்டிகேப் என்ற சொல் சென்னைக்காரர்களுக்குக் கிண்டி குதிரைப் பந்தயத்தின் வழியாகவே பழக்கம். வேகமான குதிரையின் முதுகில் கூடுதல் எடையை ஏற்றினால் மற்றக் குதிரைகளுக்கும் ஒரு வாய்ப்பு வரும் என்பது அங்கே கணக்கு. கோல்ஃபில் கெட்டிக்காரரின் முதுகில் எதையும் ஏற்றுவதில்லை. பலவீனமானவருக்குச் சில அடிகள் தள்ளுபடி செய்யப்படுகின்றன. ஹேண்டிகேப் 6 உள்ளவரும் 22 உள்ளவரும் மோதினால், பதினெட்டுக் குழிகளில் கடினமானவை என்று வரிசைப்படுத்தப்பட்ட முதல் பதினாறில் இரண்டாமவருக்குக் குழிக்கு ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஓர் அடி, தள்ளுபடியாகக் கிடைக்கும். முக்கால் பங்கு என்று ஆக்கினால் அது பன்னிரண்டாகக் குறையும். பந்தயத்தில் குதிரையை இழுத்துப் பிடித்து ஓட்டும் ஜாக்கி உண்டு. அடுத்த பந்தயத்தில் எடை குறையட்டும் என்பதற்காக இன்று வேண்டுமென்றே தோற்பார். அந்த வித்தையும் கோல்ஃபுக்குக் கூடவே வந்துவிட்டது.

உலகில் ஆறு விதமாக இருந்த முறைகளை ஒன்றாக்கி 2020இல் கொண்டுவரப்பட்ட உலக ஹேண்டிகேப் முறையைத்தான் இந்தியாவிலும் பின்பற்றுகிறோம். ஒருவர் ஆடி முடித்துக் கடைசியாகப் பதிவுக்குப் போட்ட இருபது ஸ்கோர் கார்டுகளில் மிகச் சிறந்த எட்டின் சராசரிதான் அவருடைய இன்டெக்ஸ், அதாவது ஹேண்டிகேப்பின் அடிப்படை எண். மைதானத்தின் கடினமும், கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்ற இரண்டு எண்களாகக் கணக்கில் வரும். கோர்ஸ் ரேட்டிங் 70.4, ஸ்லோப் 126 உள்ள மைதானத்தில் ஒருவர் 88 அடித்தால், 88இல் 70.4ஐக் கழித்து, மீதியை 113ஆல் பெருக்கி, 126ஆல் வகுக்க வேண்டும், விடை 15.8. இப்படி வரும் எண்களில்தான் நல்ல எட்டு எடுக்கப்படுகிறது. எல்லா இருபதின் சராசரி அல்ல, சிறந்த எட்டின் சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முக்கால் பங்கு கேட்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நிதானமாக ஆடும் 6க்காரரின் நல்ல நாளுக்கும் சாதாரண நாளுக்கும் இடைவெளி குறைவு. 22க்காரருக்கோ அது மலையும் மடுவும். அவருடைய நல்ல நாட்களை மட்டும் எடுத்து ஹேண்டிகேப் கட்டும்போதே, சாதாரண நாளில் அவருக்கு வர வேண்டியதில் ஒரு பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டுவிடுகிறது. ஆகவே முழு வித்தியாசத்தையும் கொடுத்தாலும் ஒற்றையர் மேட்ச் பிளேயில் திறமைசாலிக்கே சற்றுச் சாதகம். ஒற்றையர் மேட்ச் பிளேக்கு நூறு சதவீதம் என்று அந்த முறை பரிந்துரைப்பது யாருக்கோ இரக்கப்பட்டு அல்ல. பிரிட்டனில் நீண்ட காலம் முக்கால் பங்குதான் வழக்கமாக இருந்தது. பின்னர் அவர்களே அதைக் கைவிட்டு முழு வித்தியாசத்துக்கு வந்தார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை எங்கள் கமிட்டி இப்போது எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறது.

குறைக்க வேண்டிய இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. மொத்த அடிகளை எண்ணும் தனிநபர் ஸ்ட்ரோக் பிளேயில் 95 சதவீதம் என்று வைத்திருப்பதற்குக் காரணம், அறுபது பேர் ஆடினால் அவர்களில் யாரோ ஓர் உயர் ஹேண்டிகேப்காரருக்கு அன்று சாமி வந்தது போல ஆட்டம் அமைந்தே தீரும் என்பதுதான். இருவர் ஜோடியாக ஆடி, ஒவ்வொரு குழியிலும் இருவரில் சிறந்த ஸ்கோரை மட்டும் எடுக்கும் ஃபோர்பாலில், ஸ்ட்ரோக் பிளே என்றால் 85, மேட்ச் பிளே என்றால் 90 என்று இறங்குவதற்கும் நியாயம் இருக்கிறது. 8க்காரரும் 24க்காரரும் ஒரே ஜோடியாக ஆடும்போது, 24க்காரர் பந்தைக் குளத்தில் போட்ட குழிகளை எல்லாம் கூட்டாளி மறைத்துவிடுவார்; அவர் அதிசயமாக ஆடிய ஐந்தாறு குழிகள் மட்டுமே கார்டில் ஏறும். 85 சதவீதத்தில் அந்த இருவருக்கும் கிடைப்பது 7, 20. இதெல்லாம் கணக்கு பார்த்து வைத்த எண்கள். எங்கள் பலகையில் ஒட்டப்பட்ட முக்காலோ, சென்ற ஆண்டு அரையிறுதியில் இரண்டு பேர் தோற்ற கோபத்தில் பிறந்த எண்.

அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. சென்ற ஆண்டு இரண்டாவது சுற்றில் 24 ஹேண்டிகேப்காரர் ஒருவரிடம் பதினான்காவது குழியிலேயே, ஐந்து முன்னிலை நான்கு மீதி என்ற கணக்கில், தோற்று வெளியே வந்தேன். ஒன்பதாவது குழி இன்னும் கண்ணில் நிற்கிறது. அது பார் நான்கு, அதாவது நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழி. அவருக்கு ஸ்ட்ரோக் உள்ள குழி. முதல் அடியான டிரைவ், புல்வெளிப் பாதையான ஃபேர்வேயின் நட்டநடுவில் விழுந்தது. அடுத்து செவன் அயர்ன் மட்டையை எடுத்தார். பந்து உயரப் போய், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் விழுந்து ஒரு முறை துள்ளி, கொடிக்கம்பத்திலிருந்து இரண்டு கைநீளத்தில் நின்றது. பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் ‘பட்’ அடியையும் போட்டு மூன்றில் முடித்தார்; ஸ்ட்ரோக் கழித்தால் இரண்டு. “இன்னிக்கு ஏதோ அதிர்ஷ்டம்” என்றார். என் கேடி அப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில் நான் கேட்காமலே சொன்னார்: “அவரு இருபத்து நாலு இல்ல சார், பதினாலு. நீங்க கேட்டா சொல்லுவேன். கமிட்டி கேட்டா சொல்ல மாட்டேன்.”

பத்தாண்டுகளாக வாரத்துக்கு ஆறு நாள் எங்கள் பைகளைத் தூக்கி, காட்டுக்குள் போன பந்தைத் தேடி, நாங்கள் எண்ணாமல் விட்ட அடிகளையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எங்கள் ஹேண்டிகேப் தெரியாதா? தெரியும். சொன்னால் மறுநாள் யார் பை அவருக்குக் கிடைக்கும் என்பதும் தெரியும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

இனி என் பங்கு. சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டுப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை நான் 82 அடித்தேன். என் வாழ்நாளில் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று அது. கூட ஆடிய நண்பர், ஸ்கோருக்குச் சாட்சியான மார்க்கராகக் கையெழுத்துப் போட்டு, “போட்டிக்கு முன்னாடி இதைப் போடணுமா?” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி, பையின் பக்கவாட்டுப் பையில் செருகிவிட்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கார்டைப் போட்டிருந்தால் என் இன்டெக்ஸ் முக்கால் புள்ளி குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு முழு ஸ்ட்ரோக்குக்குக்கூடத் தேறாத லாபத்துக்காக, வங்கியில் முப்பது ஆண்டுகள் அடுத்தவர் கணக்கைத் தணிக்கை செய்த நான் என் கணக்கைத் திருத்தினேன். போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன் என்பது வேறு விஷயம்.

ஆகவே அலவன்ஸை, அதாவது கொடுக்கும் ஹேண்டிகேப் பங்கை, 100 ஆக வைப்பதா 75 ஆக்குவதா என்ற வாக்குவாதம் எனக்கு வீண் வேலையாகத் தோன்றுகிறது. கார்டை ஒளிப்பவருக்கு முக்கால் பங்கு ஒரு தடையே அல்ல. அவர் இன்னும் நான்கு கார்டுகளைப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஒளிக்காமல் எல்லாக் கார்டையும் போடும் அப்பாவியான 22க்காரர்தான் நான்கு ஸ்ட்ரோக்கை இழப்பார். 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு தன் பெயரால் வழங்கும் புள்ளிமுறையைப் போட்டிக்குக் கொண்டுவந்ததே, இரண்டு குழிகளைக் கெடுத்துக்கொண்டவர்கள் வெறுத்துப்போய்க் கார்டைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை ஆட வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நல்ல மனிதர் நல்ல கார்டைக் கிழிப்பவர்களை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

எதிர்ப்பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். எங்கள் கிளப்பில் ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்களில் சிலர், நண்பர்களோடு ஆடும்போது மூன்றடி தூர ‘பட்’களை எல்லாம் “எடுத்துக்கோ” என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே அந்த இலக்கத்தை அடைந்தவர்கள். அந்த 9 உண்மையில் 12. போட்டியன்று மூன்றடி ‘பட்’ அடியைப் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும் கை நடுங்குகிறது. தோற்றதும் எதிரே நிற்பவர் கொள்ளைக்காரராகத் தெரிகிறார். ஸ்ட்ரோக் வாங்கி வென்றவருக்குக் கை கொடுக்காமல் கிளப்பின் மதுக்கூடத்துக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். அவரை வென்றவர் நேர்மையான 22தான். கார்டு போடத் தவறாத மனிதர். வாழ்க்கையில் முதல் முறையாகக் காலிறுதிக்குப் போகிறார். அந்த முகம் வாடியதைப் பார்த்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தீர்வுக்கு வேண்டிய கருவிகள் ஏற்கனவே விதிகளில் இருக்கின்றன. தன் இன்டெக்ஸைவிட ஏழு புள்ளியோ அதற்கு மேலோ குறைவாக ஒருவர் ஆடி அந்தக் கார்டு கணக்கில் ஏறினால், அவருடைய இன்டெக்ஸிலிருந்து தானாகவே கூடுதலாக 1 கழியும். பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ என்றால் 2 கழியும். ஓராண்டில் அவர் தொட்ட மிகக் குறைந்த இன்டெக்ஸிலிருந்து 5 புள்ளிக்கு மேல் ஏறவே முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருடைய ஹேண்டிகேப் அவர் ஆட்டத்தைக் காட்டவில்லை என்று தெரிந்தால் அதை மாற்றும் அதிகாரம் ஹேண்டிகேப் கமிட்டிக்கு இருக்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் கமிட்டி அந்த அதிகாரத்தை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. மறுநாள் காலை ஆட்டம் தொடங்கும் ஒரே டீ மேடையில் நிற்க வேண்டியவர்கள் ஒருவரையொருவர் பகைத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். சதவீதத்தை மாற்றினால் யாரையும் பெயர் சொல்லிச் சுட்ட வேண்டியதில்லை.

பரிசுகளையும் சற்றுக் குறைக்கலாம். 2022 முதல் நடப்பிலுள்ள அமெச்சூர் விதிகளின்படி ஹேண்டிகேப் போட்டியில் ரொக்கப் பரிசு கூடாது. பொருளாகக் கொடுத்தாலும் மதிப்பு 700 பவுண்டு அல்லது 1,000 டாலரைத் தாண்டக் கூடாது. எங்கள் விளம்பரதாரர்கள் அந்த எல்லைவரை மேசையை நிரப்புகிறார்கள். பரிசு மேசையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உட்கார்ந்திருக்கும் வாரங்களில் கார்டு போடும் பெட்டி காலியாக இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். வெள்ளிக் கிண்ணத்துக்காக யாரும் 82ஐ ஒளிப்பதில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் நான் ஒளித்தது வெள்ளிக் கிண்ணத்துக்காகத்தான்.

நான் பொதுக்குழுவில் வைக்கப்போகும் கோரிக்கை ஒன்றுதான். கேடி மாஸ்டரின் மேசையில் நீல அட்டை போட்ட ஒரு பதிவேடு இருக்கிறது. எந்த உறுப்பினர், எந்தத் தேதியில், யார் யாரோடு, எந்தக் கேடியை எடுத்துக்கொண்டு, எத்தனை குழிகள் ஆடினார் என்பது கேடிக்குக் கூலி கொடுப்பதற்காக அதில் நாள் தவறாமல் எழுதப்படுகிறது. ஒவ்வொரு மாத இறுதியிலும் அந்தப் பதிவேட்டையும் கம்ப்யூட்டரில் ஏறிய கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்னார் ஆடிய சுற்றுகள் இத்தனை, போட்ட கார்டுகள் இத்தனை என்று இரண்டு எண்களை மட்டும் உறுப்பினர் பெயருக்கு எதிரே எழுதிப் பலகையில் ஒட்டினால் போதும். கூட்டணி ஆட்டங்களில் பல கணக்கில் வராது என்பதால் இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எல்லோருக்கும் ஆட்டம் தெரியும். எந்தக் கேடியும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. முக்கால் பங்குத் தீர்மானத்தை அதன் பிறகு ஓராண்டு கழித்து எடுத்துக்கொள்ளலாம். முதல் பட்டியலில் என் பெயருக்கு எதிரே உள்ள எண்களை உரக்கப் படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
கிளப் உறுப்பினர் ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்)