பதினோராவது டப்பா

வணக்கம் சார்,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். ‘ல’ எழுதும்போது வாலை நீளமாக இழுப்பீர்கள்.

உங்கள் வீட்டை வாங்கியவர் ஷெட்டைக் காலி செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தார். அங்கே தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த 1969 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரையும், அதோடு இருந்த 11 தகர டப்பாக்களையும் நான்தான் வாங்கினேன். ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அந்தக் கார் மறுபடியும் சாலைக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நடுவில் ஒன்றிரண்டு குறையும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் டப்பாக்கள். ஒன்றாம் நம்பர் டப்பாவின் மேல் “இடது கதவு, மேல் கீல், நீள போல்ட் பின்பக்கம்” என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு படமும் வரைந்திருந்தீர்கள். உள்ளே ஒவ்வொரு போல்ட்டும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றியிருந்தது. நான்காவது டப்பா வரை இதே ஒழுங்கு. ஆறாவதில் படம் இல்லை. எட்டாவதில் “டாஷ்போர்டு” என்று ஒரே வார்த்தை. பத்தாவதில் “முன்பக்கம்”. பதினோராவதில் எதுவுமே எழுதவில்லை. அதற்குள் போல்ட், வாஷர், கிளிப், எதற்கென்று தெரியாத ஒரு சாவி, செத்த கரப்பான் இரண்டு. டப்பாக்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தாலே, உங்கள் ஆர்வம் எந்த இடத்தில் தீர்ந்தது என்று தெரிந்துவிடுகிறது.

உங்களைக் கிண்டல் செய்யவில்லை சார். நான் பார்த்த வரையில் பாதியில் நின்றுபோன கார்கள் எல்லாம் இப்படித்தான் நின்றிருக்கின்றன. உற்சாகம் பொங்கும்போது கழற்றுகிறோம். மாட்ட வேண்டிய நாளில் அது வற்றிப்போயிருக்கிறது. அதனால் நான் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கழற்றிய ஒன்றைச் சரிசெய்து மாட்டிய பிறகுதான் அடுத்ததில் ஸ்பானர் வைப்பேன். அவசரக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் பணம் குறைவாக இருப்பவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு: எந்த மாதம் கையில் காசு இல்லையோ அந்த மாதம் வேலை நிற்கும், கார் சிதறாது.

இப்போது குறை. அந்தத் தார்ப்பாயை ஏன் சார் அவ்வளவு இறுக்கிக் கட்டினீர்கள்? மண் தரை, மேலே காற்று புகாத பிளாஸ்டிக். தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் ஒவ்வொரு இரவும் தகரத்தில் வேர்த்திருக்கிறது. மூடாமல் விட்டிருந்தாலே பாதி துரு பிடித்திருக்காது. இன்னொன்று, கண்ணாடிக்கு முன்னால் ஹீட்டருக்குக் காற்று போகும் சல்லடை இருக்கிறதே, அதற்குள் விழும் மழைத்தண்ணீரை வெளியேற்ற ஒரு குழாய் உண்டு. அது சருகால் அடைத்திருந்தது. தண்ணீர் நேரே கால் வைக்கும் இடத்தில் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் குடியிருந்துவிட்டது. டிரைவர் பக்கத் தரையில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். சுத்தியல் கீழே ஷெட் தரைக்குப் போய்விட்டது.

அதைவிடப் பெரிய சங்கதி கதவுக்கு அடியில் இருந்தது. இந்தக் காருக்குத் தனியாக இரும்பு அடிச்சட்டம் கிடையாது, உடம்பேதான் எலும்பு. மேலே கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் பாரத்தில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே வாசற்படி மாதிரி ஓடும் அந்தப் பெட்டிக்கு வருகிறது. சில் என்பார்கள். வெளித்தகரம், உள்தகரம், நடுவில் நிற்கும் தடுப்புத் தகரம் என்று மூன்று அடுக்கு. வெளியே பார்த்தால் உங்கள் சில் பளபளவென்று இருந்தது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்தேன், ஒட்டவே இல்லை. சுரண்டினால் பட்டி, அதற்கு அடியில் கம்பி வலை, அதற்கும் அடியில் கசக்கித் திணித்த செய்தித்தாள். இதைச் செய்தவர் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன். போல்ட்டைத் துணியில் சுற்றி வைத்தவர் இதைச் செய்திருக்க மாட்டார்.

வெல்டிங்கைப் பட்டறையில் கொடுத்தால் மொத்தப் பணமும் அங்கேயே தீர்ந்துவிடும் என்று புரிந்தது. அதனால் ஒரு சின்ன மிக் வெல்டிங் மெஷினைப் பழையதாக வாங்கி, மூன்று மாதம் குப்பைத் தகரத்தில் பழகினேன். கார் தகரம் ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின் தடிமன்தான். நீளமாக இழுத்தால் ஓட்டை விழும், இல்லையென்றால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் இன்னொன்று என்று கோலப்புள்ளி மாதிரி வைத்துக்கொண்டே போக வேண்டும். பொறுமைசாலிக்கான வேலை. நான் பொறுமைசாலி இல்லை, அதற்கான விலையையும் கொடுத்தேன்.

பழைய சில்லை அறுப்பதற்கு முன்னால் கதவு வாசலின் குறுக்கே ஒரு இரும்பு ஆங்கிளை வைத்துப் பற்றவைக்க வேண்டும். கார் நடுவில் தொங்கிவிடக்கூடாதல்லவா? அதைச் செய்தேன். கதவை மாட்டி மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும் என்பதை மட்டும் செய்யவில்லை. கதவு கனமாக இருக்கிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எல்லாம் பற்றவைத்து முடித்துக் கதவை மாட்டினால், மேல் மூலையில் நாலு மில்லிமீட்டர் இடிக்கிறது. நாலே நாலு மில்லிமீட்டர்! இரண்டு நாள் கார் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் கிரைண்டரை எடுத்து முழுவதையும் அறுத்துப் போட்டேன். இரண்டாம் பக்கத்தைக் கதவோடு சேர்த்தே முடித்தேன். இன்றைக்கும் வலது கதவு ‘டப்’ என்று சாத்தும், இடது கதவு கொஞ்சம் முனகும். முனகும் பக்கம்தான் நான் கற்றுக்கொண்ட பக்கம்.

நடுவில் உங்களுக்கு ஒரு நன்றி. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே தயாரான ஏதோ ஒரு அபூர்வக் காரை நீங்கள் வாங்கியிருந்தால், நான் இந்நேரம் ஒரு விளக்குக் கண்ணாடிக்காகக் கண்டம் கண்டமாகத் தேடிக்கொண்டிருப்பேன். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை, 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. உதிரிபாகம் இன்றும் புதிதாக வருகிறது. 1988-இல் இந்தக் காரின் முழு உடலையே பழைய அச்சுகளை வைத்துப் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள் என்றால் பாருங்களேன். கையைக் கடிக்காமல் பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சரிசெய்ய முடியுமா என்று யாராவது என்னிடம் கேட்டால், எந்தக் கார் என்றுதான் முதலில் கேட்பேன். துருவைப் பற்றி அப்புறம் பேசலாம்.

துரு நீக்கும் வேலையில் எனக்குப் பிடித்தது, காசே ஆகாத ஒன்று. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா, ஒரு பழைய பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த உருப்படியில் நெகட்டிவ், ஒரு கழிவு இரும்பில் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ராத்திரி முழுக்க நுரைத்துக்கொண்டே இருக்கும். காலையில் எடுத்துத் தேய்த்தால் கறுப்பாக உதிர்ந்து, அடியில் இரும்பு முகம் காட்டும். உங்கள் நாலு டப்பா போல்ட்டும் இப்படித்தான் பிழைத்தன. கழிவு இரும்புக்குப் பதில் எவர்சில்வர் போட்டுவிடக்கூடாது, தண்ணீரில் நச்சு குரோமியம் சேர்ந்துவிடும். கிளம்பும் குமிழி ஹைட்ரஜன் என்பதால் தொட்டி வெளியில் காற்றோட்டமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் போன்ற கெட்டி எஃகுகளை இதில் போடுவதில்லை, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து முறியும் குணத்தைக் கொடுத்துவிடும்.

இன்ஜின் ஜாம் என்று உங்கள் பத்தாவது டப்பாவிலேயே ஒரு சீட்டு இருந்தது. அதைப் படித்துவிட்டு இன்ஜினையும் பிரித்துவிட வேண்டியதுதான் என்று முதலில் நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டேன். தினமும் சாயங்காலம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு லேசாக இப்படி ஒரு தள்ளு, அப்படி ஒரு தள்ளு. பலத்தைக் காட்டினால் பிஸ்டன் வளையம் உடையும். 19-வது நாள் ஒரு நகக்கண் அளவு அசைந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் முழுச்சுற்று வந்தது. அழுத்தம் பார்த்தபோது நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தன. இது திறமை இல்லை, அதிர்ஷ்டம். ஆயில் சட்டியைக் கழற்றிச் சேறு மாதிரி இருந்ததை வழித்தெடுத்து, துத்தநாகம் சேர்ந்த 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினேன். இந்த 1798 சிசி இன்ஜினில் வால்வைத் திறக்க வைக்கும் கேமும் டேப்பெட்டும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஓடுபவை, துத்தநாகம் அவற்றுக்குத் தேவை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் ஒரே மாதிரி மூச்சுவிட வைக்க வேண்டும். அதற்குக் கருவி உண்டு. நான் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு வாயிலும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டும் ஒரே ‘ஸ்ஸ்’ சொல்லும்வரை திருகினேன். இந்த ஆறு வருடத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த அரைமணி நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெட்ரோல் டேங்க் மேல்பக்கம் அரித்திருந்தது. டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவில் மண் தங்கி ஈரம் பிடித்ததால் வந்த வினை. பழைய டேங்கைப் பற்றவைக்கிறேன் என்று இறங்குவது தற்கொலை, உள்ளே மிச்சமிருக்கும் ஆவி போதும் வெடிக்க. புதிது வாங்கினேன்.

புதிது வாங்கியதில் நான் பேரமே பேசாத இன்னொன்று பிரேக். உங்கள் முன்சக்கரம் ஒன்று பிடித்தால் விடவே இல்லை. டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர்தான் சிக்கிவிட்டது என்று இரண்டு தடவை பிரித்துப் பார்த்து ஏமாந்தேன். கடைசியில் பார்த்தால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ளேயே உப்பி அடைத்திருக்கிறது. மிதிக்கும் வேகத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வரத் தெம்பு இருக்காது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது மாதிரி! ஹோஸ், பைப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். டயரில் மேல்வரிகள் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் நகம் வைத்தால் வெடிப்பு விரிகிறது. அதுவும் குப்பைக்கு.

வயரிங் பற்றி அதிகம் எழுத மாட்டேன், எழுதினால் சண்டையாகிவிடும். டேப் சுற்றிய 31 இணைப்புகளைக் கண்டுபிடித்தேன். ஆனால் கோளாறில் பாதி எர்த் சரியில்லாததால் வந்ததுதான், பெயிண்ட்டைச் சுரண்டி போல்ட்டை இறுக்கியதும் தீர்ந்தது. சீட்டுக்குப் பின்னால் தரைக்குள் இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைக்கும் குழிகள் சல்லடையாக இருந்தன. கண்ணில் படாத இடம், யார் கவனிப்பார்கள்? ஒன்றை மட்டும் சரிசெய்து 12 வோல்ட் பேட்டரி ஒன்று போட்டுவிட்டேன்.

பெயிண்ட் அடிக்கவில்லை சார். நீங்கள் வருத்தப்படலாம். பழைய சிவப்பை மெருகேற்றினேன், அது ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது. நான் ஒட்டுப்போட்ட இடங்களில் பிரஷ்ஷால் பூசியது தெரிகிறது. பார்ப்பவர்கள் “எப்போது பெயிண்ட்?” என்கிறார்கள். பளபளப்புக்குச் செலவழிக்கும் காசில் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று கணக்குப் போடும் பழக்கம் வந்துவிட்டது எனக்கு. என் நோட்டில் மூன்று பத்திகள் உண்டு: நிற்க, ஓட, மினுக்க. முதல் இரண்டு பத்திகளும் நிரம்பியிருக்கின்றன. மூன்றாவதில் ஒரே ஒரு வரி, மெழுகு.

போன மாதம் அதிகாலையில் கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினேன். மூன்றாவது கியரில் பின்னாலிருந்து வரும் அந்தக் கரகரத்த சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சிக்னலில் என்னையறியாமல் கை டாஷ்போர்டைத் தடவியது. எட்டாவது டப்பா. அதன் திருகுகள் எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். பதினோராவது டப்பாவில் எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. கட்டைவிரல் நுழையும் அளவில் ஒரு பித்தளை வளையம், ஒரு பக்கம் சின்னதாக வெட்டு. கையேட்டில் இருக்கும் படங்கள் முழுக்கத் தேடிவிட்டேன். அது இல்லாமலும் கார் ஓடுகிறது. எங்கிருந்து கழற்றினீர்கள் என்று ஞாபகம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காரை இப்போது வைத்திருப்பவன்