ஆண்டறிக்கை: ஸ்பாமில் கிடந்த கூட்ட அழைப்பு

தலைவர், செயற்குழுவினர், ஊரிலும் வெளியூரிலும் உள்ள புள்ளிகள் (சங்கத்துக்கு வரி கட்டும் குடும்பத்தார்) அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஊருணி தூர்வாரியாயிற்று, படித்துறையில் இரண்டு படி பாக்கி. இந்த ஆண்டு நான் சொல்ல வேண்டியது மெயில் சங்கதிதான்.

காரைக்குடியில் கார்டு அச்சடித்து அனுப்பிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆடிக் கூட்டத்துக்கு வெளியூர்க்காரர் ஒருவரும் வரவில்லை. மெயிலைப் பார்த்தும் வராமல் இருக்கிறார்கள் என்று மேடையிலேயே குறைபட்டுக்கொண்டேன். மறுவாரம் பினாங்கிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து போனை நீட்டினார். வேண்டாத மெயில் போய் விழும் ஸ்பாம் பெட்டியில், லாட்டரிப் பரிசுக்கும் அவசரக் கடனுக்கும் நடுவே நம் அழைப்பு. தலைப்பு: "அவசரம்!!! புள்ளி வரி பாக்கி, உடனே கட்டவும்." கீழே சுருக்கிய லிங்க் ஒன்று. எழுதிய எனக்கே அது மோசடி மெயிலாகத்தான் பட்டது.

தலைப்பு மட்டும் காரணமில்லை. இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, வேறொரு சர்வரிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தோம். பெயர் ஒன்று, வந்த வழி வேறு, யார் நம்புவார்கள்? 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இதில் கெடுபிடி காட்டுகின்றன.

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் தம்பி ஒருவர் பொங்கல் விடுப்பில் வந்தபோது சங்கத்துக்கென்று சொந்த டொமைன், அதாவது இணையப் பெயர் வாங்கி, அதன் விவரங்களை எல்லோரும் பார்க்க வைக்கும் டிஎன்எஸ் பதிவேட்டில் மூன்று பதிவுகளைப் போட்டார். எஸ்பிஎஃப், நம் பெயரில் அனுப்ப எந்தச் சர்வருக்கு உரிமை என்று சொல்கிறது. டிகேஐஎம், ஒவ்வொரு மெயிலிலும் வைக்கும் முத்திரையைச் சரிபார்க்க உதவும் சாவி. இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது. முதல் முறை டிகேஐஎம் தேறவில்லை. சாவியை நகலெடுத்தபோது கடைசி எழுத்தை விட்டுவிட்டேன். அதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று டம்ளர் காபி ஆயிற்று.

அப்புறம் முகவரிப் பட்டியல். அப்பச்சி (அப்பா) காலமான பிறகும் அவர் முகவரிக்கே போய்க்கொண்டிருந்தவை சில, மனசில்லாமல் நீக்கினேன். அழிப்பதாக நினைத்து ஆச்சி ஒருவர் மாதாமாதம் 'ஸ்பாம்' பொத்தானை அழுத்தியிருக்கிறார். அப்படி அழுத்துவது நம் மேல் புகார்; அந்தப் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். நம்மைப் போன்ற சின்னப் பட்டியலுக்கு ஒரு ஆச்சியே போதும். வேண்டாம் என்பவர்கள் விலகிக்கொள்ள இப்போது மெயிலிலேயே வழி வைத்திருக்கிறோம்.

புது முகவரியைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். ஸ்பாமில் கண்டால் 'ஸ்பாம் அல்ல' என்று அழுத்துங்கள். 30 நாள் போனால் ஜிமெயில் தானே அழித்துவிடும்.

ஆடிக் கூட்டத்தில் பேசியதைத் திரும்பப் பெறுகிறேன். பினாங்கு அண்ணன் வரியை அன்றே ரொக்கமாகக் கட்டிவிட்டார். ரசீது பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்