கல்லைக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள சபையாருக்கும், எங்கள் தெருவாருக்கும், சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கும்,

என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஆறு வாரம். காலையில் கோயில் வரைக்கும் தனியாகவே நடந்து போய்விட்டு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மதுரை ஆஸ்பத்திரியில் இருந்த 19 நாளும் யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 43 பேர். பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் முறை சொல்லியே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில் அந்த ஸ்டூலைச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடந்த அன்று காலையிலிருந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். மத்தியானம், கோயில் வேலைகளைப் பார்க்கும் நம் கோயில்குட்டி அண்ணாச்சி எங்கிருந்தோ ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு கால் வளைந்திருந்தது. அதைச் சுவரோடு அண்டக்கொடுத்து வைத்து, ஆடுகிறதா என்று கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "உக்காரு தாயி, நாங்க நிக்கோம்" என்றார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் எங்கள் சித்தி. டாக்டர் வெளியே வரும்வரை இரண்டு பேரும் நகரவில்லை.

வேதத்தில் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தைப் பதினோரு வருடமாகச் சனிக்கிழமை வகுப்பில் பாடம் எடுத்திருக்கிறேன். கீழே யோசுவா அமலேக்கியரோடு யுத்தம் செய்கிறான், மேலே மலையுச்சியில் மோசே கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். கை உயர்ந்திருந்தால் இஸ்ரவேலர் மேற்கொள்வார்கள், தாழ்ந்தால் அமலேக்கியர் மேற்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கைகளைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். கல்லைப் பற்றிப் பேசியதே இல்லை. "மோசேயின் கைகள் அசந்துபோயிற்று" என்று இருக்கிறது. அசதி என்பது நம் வீட்டுச் சொல். அவ்வளவு பெரிய தலைவருக்கும் அது வந்தது என்பதை வேதம் மறைக்கவில்லை. அப்போது கூட இருந்த ஆரோனும், ஊர் என்பவரும் எடுத்ததும் கையைப் பிடிக்கவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு, முதலில் அவரை உட்கார வைத்தார்கள். கையைத் தாங்கியது அப்புறம்தான்.

சூரியன் அஸ்தமிக்கும்வரை அவர் கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்று அந்த வசனம் முடிகிறது. எபிரேயம் படித்த நம் குருவானவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து இதை எனக்கு விளக்கினார். அந்த இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் எமூனா. நீதிமான் தன் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்று ஆபகூக் சொல்கிறாரே, அங்கே வருவதும் இதே சொல்தானாம். நாம் சொல்லும் ஆமென்கூட அதே வேரில் பிறந்ததாம். விசுவாசம் என்றால் மனதுக்குள் இருக்கும் ஒன்று என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். தளர்ந்த கை கீழே விழாமல் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் அதே சொல்லா என்று அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயா, அந்த ராத்திரி எனக்குத் தாங்கக்கூடியதாக இருந்ததற்கு நீங்கள் சொன்ன அந்தச் சொல்தான் காரணம். நன்றி.

வகுப்பை எடுத்து நடத்திய ரிட்டையர்டு வாத்தியார் தாத்தாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அடுத்த அதிகாரத்திலேயே எத்திரோ வருகிறார். காலை முதல் மாலை வரை ஜனங்களுக்கு மோசே ஒருவராகவே நியாயம் தீர்ப்பதைப் பார்த்துவிட்டு, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று மருமகனுக்கு முகத்துக்கு நேராகச் சொல்கிறார். தாத்தாவும் என்னிடம் அப்படித்தான் சொன்னார். "சாவியைக் கொடு, போ" என்றார், அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் அந்தச் சாவியை நான் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது வேப்பமரத்தடியில் இருந்தவர்களுக்கு வருகிறேன். வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். மற்றவர்கள் வெளியே மரத்தடியில் பைகளையும் பாய்களையும் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். ஊருக்குத் திரும்பிய அன்று தையல்கடை மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே செய்யலியே, சும்மா பைக்குக் காவல்தானே இருந்தேன்" என்று அழுதுவிட்டாள். மதினி, உனக்காகவே 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

அங்கேயும் அமலேக்கியர்தான் வருகிறார்கள். தாவீது குடியிருந்த சிக்லாக் ஊரை எரித்து, பெண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தாவீது 600 பேரோடு துரத்திக்கொண்டு போகிறான். பேசோர் ஆற்றண்டை வந்ததும் 200 பேருக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை. அவர்கள் மூட்டை முடிச்சுகளோடு அங்கேயே தங்க, மற்ற 400 பேர் போய்ச் சண்டையிட்டு எல்லாரையும் மீட்டு வருகிறார்கள். எங்களோடு வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கிடையாது என்று சிலர் சொல்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கு என்ன பங்கோ, சாமான்களண்டை இருந்தவனுக்கும் அதே பங்கு, சரிபங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்கிறான். அன்றைக்கு மட்டுமில்லை, அன்றுமுதல் அதை இஸ்ரவேலில் பிரமாணமாகவே ஆக்கிவிடுகிறான். தாவீது செய்த நல்லவற்றில் என் மனசுக்குக் கோலியாத்தை வென்றதைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. போன வாரம் இவர்கள் முதல்முறையாகச் சிரித்துப் பேசினார்களே, அந்தச் சந்தோஷத்தில் உனக்கும் சரிபங்கு, மதினி.

மற்றவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெகேமியா 3-ஆம் அதிகாரம் 32 வசனமும் எருசலேம் அலங்கத்தில், அதாவது மதில் சுவரில், யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்ற பட்டியல்தானே. தட்டாரும் தைலக்காரரும் கல் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சல்லூம் தன் குமாரத்திகளோடு கட்டியிருக்கிறான். தெக்கோவா ஊராரில் பெரியவர்கள் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் மற்றவர்கள் ஒரு பங்கைக் கட்டிவிட்டு இன்னொரு பங்கையும் கட்டினார்கள். அலங்கம் முழுவதும் 52 நாளில் முடிந்துவிட்டது.

ரத்தம் கொடுத்த ஆறு தம்பிகளுக்கும் நன்றி. அடுப்பங்கரைப் பக்கமே போகாத லாரி ஷெட் அண்ணாச்சி, எங்கள் மாமியாருக்கு மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அவள் மகள்கள் இரண்டு பேருக்கும் நன்றி. மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கும், ஒரு முறை வந்துவிட்டுப் போய் மறுபடியும் பஸ் ஏறி மதுரைக்கு வந்த தென்காசிப் பெரியப்பாவுக்கும், பில் கட்டும் கவுண்டரில் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்ட அந்த அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. நீங்கள் சாப்பாடு கொண்டுவந்த தூக்குச்சட்டிகள் ஏழு எங்கள் வீட்டில் இருக்கின்றன. புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன். ஆறில் பெயர் வெட்டியிருக்கிறது. அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும். ஒன்றில் மட்டும் பெயர் இல்லை. சின்னது, பிடி கொஞ்சம் நெளிந்தது, முதல் ராத்திரி ரசம் வந்த தூக்கு. யாருடையது என்று சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.